ஓப்பன்டிடிடில பஸ் விட்டு காசு பாக்க எது சரி: ஊருக்குள்ளயா, ஊர் விட்டு ஊரா, ரயிலுக்கு ஃபீடரா?

பஸ், ரயில், விமானம்னு விட்டு போக்குவரத்து கம்பெனி நடத்தற கம்ப்யூட்டர் கேம் ஓப்பன்டிடிடி. அதைப் புதுசா ஆட வர்றவங்க முக்கால்வாசி பேர் மாட்டிக்கிற இடம் இதுதான். கேம் 1950ல தொடங்குது, கையில இருக்கிறது கடன் வாங்கின ஒரு லட்சம் பவுண்டு, ரயில் போட யோசனையா இருக்குன்னு மேப்ல பெரிய ஊரா பாத்து ரெண்டு ஸ்டாப் வச்சு நாலு பஸ் விடறாங்க. ஸ்டாப்ல கூட்டம் நிக்குது, பஸ்ஸும் நிறைஞ்சுதான் போகுது, ஆனா வருஷக் கடைசில லிஸ்ட்டைத் திறந்தா லாபம் பூஜ்ஜியத்தை சுத்தியே நிக்குது, சில பஸ் மைனஸ். சரி ஊர் விட்டு ஊர் விடலாமா, இல்ல ரயில் வந்தப்புறம் அதுக்கு ஆள் கொண்டு வர வச்சுக்கலாமான்னு குழம்பி நிக்கிறாங்க.

என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன். காசு சம்பாதிக்கிற பஸ் வேற, ஊரை வளக்கிற பஸ் வேற, ரெண்டு வேலையையும் ஒரே பஸ் தலையில கட்டினா ரெண்டும் அரைகுறையாத்தான் நடக்கும். கீழ சொல்றது எல்லாம் கார்கோடிஸ்ட் (ஒவ்வொரு பயணிக்கும் போற இடம்னு ஒண்ணு வைக்கிற செட்டிங்) போடாத சாதாரண ஆட்டத்துக்கு, அது போட்டா என்ன மாறும்னு கடைசிப் பக்கமா சொல்றேன்.

## எதை வச்சு அளக்கணும்

முதல் அளவுகோல் ஒரு பஸ்ஸுக்கு வருஷ லாபம். இதுக்கு கேம் காசு எப்படி குடுக்குதுன்னு தெரிஞ்சாகணும். எத்தனை பேர், ஏறின ஸ்டாப்புக்கும் இறங்கின ஸ்டாப்புக்கும் நடுவுல எத்தனை டைல் (மேப்போட ஒரு கட்டம்), வண்டிக்குள்ள எத்தனை நாள் உக்காந்திருந்தாங்க, இந்த மூணும்தான் கணக்கு. டைல் எண்றது குறுக்கும் நெடுக்குமா எண்ணி கூட்டறது, அதனால ரோடு எவ்வளவு வளைஞ்சு போனாலும் அந்த வளைவுக்கு ஒரு பைசா கிடையாது.

நாள் கணக்கு பலர் பயப்படுற அளவுக்கு கொடூரம் இல்ல. பயணிகளுக்கு முதல் நாள்ல இருந்தே கட்டணம் குறைய ஆரம்பிக்கும், ஆனா மெதுவா. 2.5 நாளுக்கு ஒரு தடவ 255ல ஒரு பங்கு போகும், 60 நாள் தாண்டினா ரெண்டு ரெண்டு பங்கா போகும். போட்டுப் பாத்தா 30 நாள் பயணத்துல 5 சதவீதம் கூட போகல, 60 நாள்ல 9 சதவீதம் சொச்சம், 100 நாள் ஆனா 22 சதவீதம் போயிடும். ஆனா 10 டைல் போறதுக்கு பதிலா 60 டைல் போனா காசு கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அதாவது தூரத்துல வர்ற லாபம் நேரத்துல போற நஷ்டத்தை சாப்பிட்டுட்டு மேல மிச்சமும் வைக்குது.

ரெண்டாவது ரோட்டுல இருக்கிற இடம். ஊர் ரோடு நம்மளோடது இல்ல, அகலப்படுத்த முடியாது, ஒரு பஸ் பிரேக்டவுன் ஆனா பின்னாடி வர்றது எல்லாம் நிக்கும். ஒரு எல்லைக்கு மேல பஸ் சேக்கச் சேக்க வருமானம் ஏறாது, க்யூதான் ஏறும்.

மூணாவது ஸ்டேஷன் ரேட்டிங். வீடுகள்ல இருந்து வர்ற பயணிகள்ல எத்தனை சதவீதம் நம்ம ஸ்டாப்புக்கு வருவாங்கன்னு இதுதான் தீர்மானிக்குது. இதுல பெரிய பங்கு கடைசியா வண்டி வந்து ஏத்தி எத்தனை நாள் ஆச்சுங்கறதுக்கு: 7.5 நாளுக்குள்ள வந்தா 51 சதவீதம், 15 நாள்னா 37, 30 நாள்னா 20. வேகத்துக்கு அதிகபட்சம் 17, ஆனா அது மணிக்கு 85 கிலோமீட்டருக்கு மேல போற வண்டிக்குத்தான், ஆரம்பத்துல கிடைக்கிற எம்பிஎஸ் ரீகல் பஸ் 56ல போறதால அதுக்கு இந்தப் பங்கு சுத்தமா இல்ல. புது வண்டிக்கு 13 வரை, ஊர்ல சிலை வச்சா 10.

நாலாவது ஊர் வளர்ச்சி. இது தனியாவே ஓடற கணக்கு, அதை அடுத்த பகுதில சொல்றேன். அஞ்சாவது உங்க நேரம், எவ்வளவு ஆர்டர் (பஸ் எங்க போகணும், அங்க என்ன செய்யணும்ங்கற கட்டளை) போடணும், எவ்வளவு அடிக்கடி போய் எட்டிப் பாக்கணும்ங்கறது.

## ஊருக்குள்ளயே சுத்துற பஸ்

போடறது சுலபம். ஊர் ரோட்டு மேலயே டிரைவ்-த்ரூ ஸ்டாப் (பஸ் நேரா உள்ள புகுந்து வெளில போறது) வைக்கலாம், எந்த வீட்டையும் இடிக்க வேண்டாம், கவுன்சிலும் கோபப்படாது. டிப்போ ஒண்ணு, ஸ்டாப் ரெண்டு, பஸ் ரெண்டு, அவ்வளவுதான்.

லாபம்தான் வராது. 8, 10 டைல் தூரத்துக்கு கிடைக்கிற காசு ரொம்ப சின்னது, ஆனா ஏத்தி இறக்கற நேரமும் திரும்பற நேரமும் நீளமான லைனுக்கு ஆகற அளவேதான் இங்கயும் ஆகும். ஓட்டச் செலவு கிலோமீட்டருக்கு இல்ல, நாளுக்கு. ஸ்டாப்ல நின்னு ஆள் ஏத்திட்டு இருந்தாலும் மீட்டர் ஓடிட்டுதான் இருக்கும். அதனால இந்த பஸ் தன்னோட வாழ்க்கைல பாதிய நின்னே கழிக்குது, அதுக்கும் நீங்க காசு குடுக்கறீங்க.

இதை விட மோசம் ஒண்ணு இருக்கு, வெளில தெரியாத செலவுன்னா இதுதான். சிட்டி பஸ் மாதிரி இருக்கட்டும்னு ஆறு ஸ்டாப் வச்சு ரிங் ரோடு மாதிரி சுத்த விடறாங்க. கார்கோடிஸ்ட் இல்லாத ஆட்டத்துல பயணிக்கு போற இடம்னு ஒண்ணு கிடையாது. பயணிகளை ஏத்துக்கிற எந்த ஸ்டாப் வந்தாலும் எல்லாரும் அங்கயே இறங்கிடுவாங்க. அப்போ ஆறு ஸ்டாப் லைன்ல ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு ஸ்டாப் தூரத்துக்குத்தான் காசு குடுக்கிறாங்க, நாலு டைல், அஞ்சு டைல்! பஸ் நிறைஞ்சு போற மாதிரியே தெரியும், காசு மட்டும் வராது. ஸ்டாப் கூட்டக் கூட்ட வருமானம் குறையற ஒரே லைன் இதுதான்.

அப்போ இதை எதுக்கு வைக்கணும்? ஊரை வளக்கத்தான். ஊர் எவ்வளவு வேகமா வளரும்ங்கறது அந்த ஊர் எல்லைக்குள்ள எத்தனை ஸ்டேஷன் உயிரோட இருக்குங்கறதப் பொறுத்தது, கணக்குல அஞ்சு வரைக்கும்தான் எடுத்துக்கும், ஆறாவது வச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. உயிரோட இருக்குன்னா கடைசி 50 நாளுக்குள்ள அங்க ஏதாவது ஏத்தியோ இறக்கியோ இருக்கணும், அவ்வளவுதான். எத்தனை பேர்னு கேக்காது, லாபமான்னு கேக்காது. அதனால அஞ்சு ஸ்டாப்பையும் தொட்டுட்டு வர ஒண்ணோ ரெண்டோ பஸ் போதும், இருபது பஸ் விட்டாலும் ஊர் அதுக்கு மேல வேகமா வளராது. பாலைவன ஊர்னா சாப்பாடும் தண்ணியும் போகணும், பனிக்கோட்டுக்கு மேல இருக்கிற ஊர்னா சாப்பாடு போகணும், அது இல்லாம பஸ் மட்டும் விட்டு வளக்க முடியாது.

இந்த ரெண்டு பஸ்ஸோட நஷ்டத்தை வளர்ச்சிச் செலவுன்னு எழுதிட்டு நிம்மதியா இருங்க.

## ஊர் விட்டு ஊர் நேரா போற பஸ்

ஆரம்பத்துல காசு வேணும்னா இதுதான், எனக்கு இதுல சந்தேகமே இல்ல. ரெண்டு நல்ல ஊர், நடுவுல 60, 70 டைல், ரெண்டு ஊர் மையத்துலயும் ஒரு ஸ்டாப். ஸ்டாப்போட எல்லை சுத்திலும் 3 டைல்தான், அதனால ஓரத்துல வைக்காதீங்க, உயரமான கட்டடங்களுக்கு நடுவுல வைங்க. சின்ன கிராமத்துல இன்னொண்ணு பாக்கணும், ஸ்டாப் எல்லைக்குள்ள வீடுங்க கம்மியா இருந்தா அந்த ஸ்டாப் பயணிகளை ஏத்துக்கவே ஏத்துக்காது. ஒவ்வொரு வீடும் எட்டுல இத்தனை பங்குன்னு குடுக்கும், எல்லாம் கூட்டி எட்டுக்கு எட்டு வந்தாதான் அங்க ஆள் இறங்கி காசு வரும். ஸ்டாப் வைக்கும்போது சின்ன பெட்டில எதை ஏத்துக்கும்னு காட்டும், அதைப் படிச்சுட்டு கிளிக் பண்ணுங்க.

எத்தனை பஸ் வேணும்? போய்ட்டு வர மொத்தம் 60 நாள் ஆகுதுன்னா, 7.5 நாளுக்கு ஒரு பஸ் வர்றதுக்கு எட்டு பஸ் வேணும், அதுவும் சமமா இடைவெளி விட்டு ஓடினா. ரெண்டு பஸ்ஸோட ஆரம்பிச்சு முதல் வருமானம் வர வர குளோன் பண்ணிட்டே (அதே பஸ்ஸை நகலெடுத்து வாங்கிட்டே) போங்க, கன்ட்ரோல் அமுக்கி குளோன் பண்ணினா ஆர்டர் பகிர்வா இருக்கும், பின்னாடி ஒரு இடத்துல மாத்தினா எல்லாத்துக்கும் மாறும்.

இதுல மறைஞ்சிருக்கிற செலவு மூணு.

ஒண்ணு, ரோடு. ஊருக்கு நடுவுல ரோடு இல்லன்னா நீங்கதான் போடணும், மலை ஆறு வந்தா ஆரம்பக் காசு பாலத்துலயே போயிடும். ஏற்கனவே ரோடு இருக்கிற ஊர்களா தேடுங்க, 60 டைல் கிடைக்கலன்னா 45 ஆனாலும் பரவாயில்ல.

ரெண்டு, ரெயில்வே கிராசிங். பஸ் லைன் நடுவுல பின்னாடி ரயில் தண்டவாளம் குறுக்க போட்டா என்னைக்காவது ஒரு நாள் ரயில் பஸ்ஸை அடிச்சுட்டு போகும், பஸ்ஸும் போச்சு உள்ள இருந்தவங்களும் போச்சு. பாலம் போடற செலவைப் பாக்காதீங்க.

மூணு, பஸ் எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒட்டிக்கிறது. முதல்ல போற பஸ் ஒரு தடவ பிரேக்டவுன் ஆச்சுன்னா போதும், அஞ்சு பஸ் வரிசையா வரும், முதல் பஸ் மொத்தக் கூட்டத்தையும் அள்ளிடும், மத்த நாலும் காலியா 60 டைல் ஓடும், அப்புறம் 25 நாளைக்கு ஸ்டாப் பக்கம் ஒண்ணும் வராது, ரேட்டிங் சரியும். இதுக்கு ஃபுல் லோடு ஆர்டர், அதாவது நிறையற வரைக்கும் நில்லுன்னு போடறது நிறைய பேர் செய்யற வைத்தியம். ஒரு பஸ் எப்பவும் நின்னு ஏத்திட்டே இருக்கிறதால ரேட்டிங் நல்லா நிக்கும்ங்கறது உண்மைதான், ஆனா ஊர் ரோட்டு டிரைவ்-த்ரூவுல ஃபுல் லோடு போட்டா பின்னாடி வர்ற பஸ் எல்லாம் ரோட்டை அடைச்சு நிக்கும், இறக்க வந்த பஸ்ஸும் அதுலயே மாட்டும். ஃபுல் லோடு போடணும்னா தனியா பக்கத்துல பே ஸ்டாப் (ரோட்டுக்கு வெளில ஒதுங்கி நிக்கிற ஸ்டாப்) வச்சு போடுங்க. 2024ல வந்த 14வது பதிப்புக்கு அப்புறம் இன்னும் நல்ல வழி இருக்கு, டிப்போ ஆர்டர்ல அன்பன்ச் போட்டா பஸ்கள் டிப்போவுல கொஞ்சம் நின்னு இடைவெளி விட்டு கிளம்பும். நீளமான லைனுக்கு நான் கண்ண மூடிட்டு சிபாரிசு பண்றது இதைத்தான்.

மானியம் அறிவிப்பு வந்தா பாருங்க. ரெண்டு ஊருக்கு நடுவுல பயணிகளுக்கு மானியம்னா, அதை முதல்ல இணைக்கிற கம்பெனிக்கு செட்டிங்கப் பொறுத்து ஒன்றரைல இருந்து நாலு மடங்கு கட்டணம், சாதாரணமா ஒரு வருஷத்துக்கு. பஸ் லைன் மாதிரி சீக்கிரம் போட்டு முடிக்கிற லைன் வேற இல்லங்கறதால இந்தப் போட்டில பஸ்ஸுக்குத்தான் முதல் இடம்.

### இதுலயே ஒரு வகை: மூணு ஸ்டாப்ல ஏத்திட்டு நீளமா போறது

ஊர் பெருசா ஆனப்புறம் ஒரு ஸ்டாப் எல்லைக்குள்ள ஊர்ல கால்வாசிதான் வரும். அப்போ ஒரே ஊர்ல மூணு ஸ்டாப்ல ஏத்திக்கிட்டு அடுத்த ஊருக்கு போகலாம். இங்க ஆர்டர் ரொம்ப முக்கியம்: எதிர் ஊர்ல இருந்து வர்ற ஆளுங்க முதல் ஸ்டாப்ல இறங்கட்டும், ரெண்டாவது மூணாவது ஸ்டாப்புக்கு 'இறக்காதே' ஆர்டர் போட்டே ஆகணும். அதை விட்டுட்டா முதல் ஸ்டாப்ல ஏறினவங்க ரெண்டாவதுலயே இறங்கிடுவாங்க, மேல சொன்ன ரிங் ரோடு கதைதான். வரிசையும் பாருங்க, கூட்டம் கம்மியான ஓர ஸ்டாப் முதல்ல, ஊர் மையம் கடைசில. ரீகல்ல மொத்தமே 31 பேர், மையத்துல முதல்ல ஏத்தினா அங்கயே நிறைஞ்சுடும், மத்த ஸ்டாப்ல சும்மா நின்னுட்டு போகும். 37 பேர் ஏத்தி 112ல போற ஃபோஸ்டர் பஸ் வந்தப்புறம் இந்த வகை நல்லாவே ஓடும், அதுக்கு முன்னாடி ஸ்டாப்புக்கு ஒரு லைனா பிரிச்சு விடறதுதான் மேல்.

## ரயிலுக்கு ஆள் கொண்டு வர்ற ஃபீடர்

ரயில் ஸ்டேஷனுக்கு ஊர் மையத்துல இடம் கிடைக்காது, ஊருக்கு வெளிலதான் வைக்க முடியும், அதனால டவுன் பஸ் வச்சு ஆளக் கொண்டு வந்து ட்ரான்ஸ்ஃபர் பண்றது. கேக்கவே அழகா இருக்கும், ஓட்டிப் பாக்கவும் அழகாத்தான் இருக்கும். கணக்குதான் பலருக்கு புரியல.

ட்ரான்ஸ்ஃபர் பண்ணும்போது பஸ் தலைக்கு மேல ஒரு தொகை காட்டும். அது நிஜக் காசு இல்ல, கணக்குல எழுதி வைக்கிற பங்கு. ரயில் கடைசில ஆள இறக்கும்போதுதான் கம்பெனிக்கு காசு வரும், அதுல பஸ்ஸுக்கு எழுதின பங்கைக் கழிச்சுட்டு மிச்சத்தை ரயில் பேர்ல காட்டும். அதனால பஸ் லாபத்துல இருக்கு, ரயில் நஷ்டத்துல இருக்குன்னு பாத்து ரயிலை வித்துடாதீங்க, ரெண்டையும் கூட்டித்தான் பாக்கணும்.

தூரக் கணக்கும் அப்படித்தான், பயணி முதல்ல ஏறின பஸ் ஸ்டாப்ல இருந்து ரயில் கடைசியா இறக்கின இடம் வரைக்கும். ரயில் கிழக்க போகுது, பஸ் ஆளை மேற்க கொண்டு வந்து விடுதுன்னா அந்த பஸ் ஓடின தூரம் மொத்தத்துல இருந்து குறையும். ஸ்டேஷனை ரயில் போற திசைல ஊரோட அந்தப் பக்கம் வைங்க.

ஆர்டர்ல 'ட்ரான்ஸ்ஃபர் பண்ணிட்டு காலியா கிளம்பு' போடுங்க, வெறும் ட்ரான்ஸ்ஃபர்னா அங்க காத்திருக்கிற ஆளையே பஸ் திரும்ப ஏத்திட்டு ஊருக்குள்ள போகும். காலியா கிளம்பினா பாதி ஓட்டம் வீண்தான், அது இந்த முறைக்கு நிரந்தரச் செலவு. ரயில்ல வந்து இறங்கறவங்க ஸ்டேஷன் பயணிகளை ஏத்துக்கிற இடம்னா அங்கயே முடிஞ்சுடுவாங்க, பஸ் ஏற மாட்டாங்க. ஊர் வெளில வச்ச ஸ்டேஷன் ஏத்துக்கலன்னா இன்னும் சிக்கல், வர்ற ரயில் இறக்க முடியாம திரும்பும்.

கடைசியா ஒரு செலவு, ரயில் அடிக்கடி வரலன்னா ட்ரான்ஸ்ஃபர் ஸ்டேஷன் ரேட்டிங் 50க்கு கீழ போகும், அப்போ காத்திருக்கிற கூட்டம் தானா கரையும். பஸ் செலவு பண்ணி கொண்டு வந்த ஆளுங்க அவங்க.

ஃபீடர் போடறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க: ஊர் மையம் ரயில் ஸ்டேஷன்ல இருந்து எத்தனை டைல்? ஸ்டேஷன் பரப்பு எல்லை (ஒரே ஸ்டேஷனோட பாகங்கள் பரவி இருக்கக்கூடிய தூரம்) சாதாரணமா 12 டைல், அதுக்குள்ளன்னா கன்ட்ரோல் அமுக்கி ஊர் மையத்துல ஒரு பஸ் ஸ்டாப் வச்சு அதை ரயில் ஸ்டேஷனோடயே சேத்துடலாம். அந்த ஸ்டாப்பை சுத்தி இருக்கிற வீட்டு ஆளுங்க நேரா ரயிலுக்கே வந்துடுவாங்க, ஒரு பஸ்ஸும் வேண்டாம். ஆட்டத்தோட விதிக்குள்ளதான் இருக்கு, ஆனா நிஜமா இல்லன்னு சிலர் இதைத் தொட மாட்டாங்க, அது உங்க இஷ்டம். காசு மட்டும்தான் நோக்கம்னா ஃபீடரை இது அடிச்சுடும்.

## பக்கத்துல பக்கத்துல வச்சா

| | ஊருக்குள்ள | ஊர் விட்டு ஊர் | ஃபீடர் |
|---|---|---|---|
| பஸ்ஸுக்கு லாபம் | சொற்பம், இல்ல நஷ்டம் | நல்லா வரும் | தனியா பாக்க முடியாது |
| ஆரம்பச் செலவு | ரொம்ப கம்மி | ரோடு இருந்தா கம்மி | ரயில் செலவும் சேரும் |
| ஊர் ரோட்டு நெரிசல் | சீக்கிரம் வரும் | ஸ்டாப் பக்கம் மட்டும் | அதிகம் |
| ஊர் வளர்ச்சி | அஞ்சு ஸ்டாப்னா முழுசா | ஊருக்கு ஒரு ஸ்டாப் கணக்கு | வச்ச ஸ்டாப் அளவுக்கு |
| மறைமுகச் செலவு | ஒரு ஸ்டாப் தூரத்துக்கே காசு | ஒட்டிக்கிற பஸ், கிராசிங் | காலித் திரும்பல், கரையற கூட்டம் |
| உங்க கவனம் | கம்மி | நடுத்தரம் | நிறைய |

## கார்கோடிஸ்ட் போட்டா

2014ல 1.4 பதிப்போட வந்த வசதி இது, செட்டிங்ல பயணிகளுக்கு சிமெட்ரிக் வச்சா ஒவ்வொருத்தருக்கும் போற இடம் உண்டு, போனவங்க அளவுக்கு திரும்பி வர்றவங்களும் இருப்பாங்க. மேல சொன்னதுல பாதி தலைகீழா மாறும். ரிங் ரோடு லைன்ல ஆளுங்க தங்களோட ஸ்டாப் வரைக்கும் உக்காந்து போவாங்க, 'இறக்காதே' தேவையில்ல. ஃபீடருக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆர்டரே வேண்டாம், அவங்களே மாறிப்பாங்க, ரயில்ல வந்தவங்க பஸ் ஏறி ஊருக்குள்ள போவாங்க, அதனால காலித் திரும்பல் போச்சு. டவுன் பஸ்ஸும் ரயிலும் ஒண்ணா சேர்ந்து நிஜ ஊர் மாதிரி ஓடறதைப் பாக்கணும்னா கார்கோடிஸ்ட்ல ஃபீடர்தான், எனக்கு இந்த ஆட்டத்துலயே ரொம்ப பிடிச்ச காட்சி அதுதான்.

ஆனா ஒண்ணு, தூரத்தோட தாக்கம்ங்கற செட்டிங் 100 சதவீதத்துல இருக்கும்போது பக்கத்து ஸ்டாப்புக்கு போற ஆளுங்க அதிகமா இருப்பாங்க. நீளமான லைனையும் ஊருக்குள்ள லைனையும் ஒரே ஸ்டாப்ல இணைச்சா குட்டிப் பயணம் போறவங்களே கூட்டமா வருவாங்க, எல்லா ஊரும் எல்லா ஊரோடயும் இணைஞ்சு ஒரு ஜங்ஷன்ல ஆயிரக்கணக்குல தேங்கும். ஒரு ஸ்டாப்ல 1500க்கு மேல தேங்கினா ரேட்டிங்ல 35 சதவீதம் அடி. பெரிய நெட்வொர்க்கை ரெண்டு மூணா பிரிச்சே வைங்க.

## எந்த நிலைமைல எது

இப்பதான் ஆரம்பிச்சிருக்கீங்க, காசு கம்மி, ரெண்டு ஊருக்கு நடுவுல ரோடு ஏற்கனவே இருக்கு: ஊர் விட்டு ஊர், வேற யோசனையே வேண்டாம்.

ஒரு ஊர்ல இருந்து ரயிலோ விமானமோ நல்லா சம்பாதிக்குது, ஊர் இன்னும் பெருசானா இன்னும் சம்பாதிக்கும்: அங்க அஞ்சு ஸ்டாப், ஒண்ணு ரெண்டு பஸ். பஸ் லாபத்தைப் பாக்காதீங்க, ஊர் ஜனத்தொகையைப் பாருங்க.

ஊர் ரோடு ஏற்கனவே பஸ்ஸால நிறைஞ்சு நிக்குது: புதுசா எதுவும் விடாதீங்க. ஊருக்குள்ள சுத்தறதை முதல்ல எடுங்க, அந்த இடத்துல நீளமான லைன் பஸ் ஓடட்டும்.

ரயில் ஸ்டேஷன் ஊர்ல இருந்து 12 டைலுக்கு மேல தள்ளி இருக்கு, ரயில் 15 நாளுக்கு ஒரு தடவயாவது கண்டிப்பா வருது, பயணம் 150 டைல் மாதிரி நீளம்: ஃபீடர் போடலாம். ரயில் தூரம் 50 டைல்தான்னா ஃபீடரும் வேண்டாம் அந்த ரயிலும் வேண்டாம், பஸ்ஸே நேரா போயிடும்.

ஏற்கனவே ரிங் ரோடு லைன் போட்டு நஷ்டத்துல இருக்கிறவங்க பஸ்ஸை விக்க வேண்டாம். ஆர்டர் விண்டோவைத் திறந்து நடு ஸ்டாப்புக்கெல்லாம் 'இறக்காதே' போட்டுட்டு, பக்கத்து ஊர்ல ஒரு ஸ்டாப் வச்சு அதைக் கடைசி ஆர்டரா சேருங்க. ஆர்டர் பகிர்வுல இருந்தா ஒரு பஸ்ல மாத்தினாலே போதும்.